எலும்பில்லாத கறி

என் பேர் என்னன்னு என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. 'சுத்தக்கறி'ன்னாத்தான் தெரியும். "சுத்தக்கறி அண்ணே, அரைக் கிலோ போடுங்க"ம்பாங்க. முப்பது வருஷமா அதே கடை, அதே மரக்கட்டை, தேய்ஞ்சு தேய்ஞ்சு மெலிஞ்சுபோன அதே கத்தி. என் கையால போன கறியில ஒரு எலும்புச் சில்லு பல்லுல மாட்டுச்சுன்னு ஒருத்தன் வந்து சொல்லட்டும், கடையை இழுத்து மூடிட்டு அவன் வீட்டு வாசலைக் கூட்டப் போயிடறேன். எலும்போட சேர்த்து நிறுத்துப் போடறவன் நாலு கடை தள்ளி இருக்கான், அங்க போங்கன்னு முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன். வாய் கொஞ்சம் நீளம்தான். கத்தியை விட நாக்குதான் உங்களுக்குக் கூர்னு என் பொண்டாட்டி சொல்லுவா.

இந்தப் பெருமையை முதல்லயே சொல்லிடறேன். பின்னால வந்ததெல்லாம் இதுலேருந்து வந்ததுதான்.

எனக்கு ஒரே தங்கச்சி. வயசு நாப்பத்தெட்டு. எனக்கு இன்னும் பாப்பாதான். மருந்துக்கடையில வேலை. சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணி, கவர்ல போட்டு, மேல காலை, மதியம், ராத்திரின்னு முத்து முத்தா எழுதிக் குடுப்பா. புருஷன் போயி ஆறு வருஷம் ஆச்சு. குழந்தை குட்டி கிடையாது. இடது பக்க இடுப்பு எலும்பு தேய்ஞ்சு போயி ரெண்டு வருஷமா கம்பு ஊணித்தான் நடந்தா. ஆபரேஷன் பண்ணி எலும்பை மாத்திடலாம், ஓடக்கூட ஓடலாம்னு டாக்டருங்க தலையால தண்ணி குடிச்சுப் பார்த்தாங்க. "ஓடி எங்க போகப் போறேன்? எனக்காக யார் காத்துக்கிட்டிருக்கா?"ன்னு ஒரே பிடிவாதம்.

அப்புறம் மேனேஜர் வந்தாரு.

மேனேஜர்னா நாய்க்குட்டி. மருந்துக்கடை படிக்கட்டுல யாரோ அட்டைப்பெட்டியில வெச்சுட்டுப் போயிட்டாங்க. பாதத்தைப் பார்த்தா கன்னுக்குட்டி அளவுக்கு வளர்ற சாதின்னு தெரிஞ்சுது. மத்த குட்டிங்க மாதிரி செருப்பைக் கடிக்கிறது, வாலைத் துரத்துறது எதுவும் அவருக்கு ஆகாது. யாராவது வேலை செஞ்சா எதிர்ல வந்து உக்காந்துக்குவாரு. முகத்தை 'உம்'முன்னு வெச்சுக்கிட்டு, நீ செய்யறது சரியில்லைங்கிற மாதிரி பார்ப்பாரு. அதனால மேனேஜர். எங்க வீட்டுல யாரும் அவரை வா போன்னு பேசினதில்லை.

பாப்பா சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் கதவை ரெண்டு தட்டு தட்டி, "மேனேஜர் சார், ஆபீஸ் திறந்தாச்சு!"ம்பா. அவ்வளவுதான். அதுவரைக்கும் கட்டிக் காத்த கௌரவமெல்லாம் காத்துல போயிடும். நாலு காலும் தரையில படாம பறந்து வந்து அவ இடுப்பு உயரத்துக்குக் குதிப்பாரு. அவ கம்போட தடுமாறுவா. ஒரு நாள் கீழயே விழுந்துட்டா. விழுந்து கிடந்தபடியே எனக்குப் போன் பண்ணினா.

"அண்ணா, ஆபரேஷன் பண்ணிக்கறேன். இவரோட நடக்கணும்."

கூடப்பொறந்தவன் ரெண்டு வருஷமா கெஞ்சினது ஏறலை. அஞ்சு கிலோ குட்டி விழத் தள்ளினதும் ஏறிடுச்சு. எனக்குச் சிரிப்பும் வந்துது, கண்ணும் கலங்குச்சு.

ஆபரேஷன், அப்புறம் உடற்பயிற்சின்னு மூணு மாசம். அவ வீடு மூணாவது மாடி. அதனால வெளியூர்ல ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்கிற சிநேகிதி வீட்டுலயே தங்கறதுன்னு ஏற்பாடு. மேனேஜர் எங்க வீட்டுக்கு வந்தாரு. கூடவே ஒரு குட்டித் தராசும், ஒரு காகிதமும் வந்துது.

காகிதத்துல அவ மருந்துக்கடைக் கையெழுத்து. நாய் டாக்டரம்மாகிட்ட கேட்டுக் கேட்டு எழுதினதாம். மேனேஜருக்குப் பச்சையாவே சாப்பாடு. நூறு பங்குல எழுபது கறி. பதினைஞ்சு பச்சை எலும்பு, அதாவது கோழிக் கழுத்து, கோழி முதுகு. அஞ்சு ஈரல். அஞ்சு கிட்னி மாதிரி உறுப்பு. மீதி அஞ்சு மசிச்ச காய். வாரா வாரம் எடை பார்த்து அளவைக் கூட்டணும். கீழ சிவப்பு மையில ரெண்டு கோடு போட்டு: எலும்பு பச்சையாக மட்டும், வேகவைத்தது கூடவே கூடாது.

"ஏன் பாப்பா, கறிக்கடைக்காரனுக்கே கறி நிறுக்கக் கத்துக்குடுக்கறியா? கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதையா இருக்கே!"

"சிரிக்காதண்ணா. இது மருந்துச் சீட்டு மாதிரி. ஒண்ணை விட்டா மத்ததும் வேலை செய்யாது. முக்கியமா எலும்பை விட்டுடாத. உனக்கு நாய்க்கு எலும்பு போடறதுன்னாலே ஆகாதுன்னு எனக்குத் தெரியும்."

"போடறேன்மா தாயே. சத்தியம் பண்ணவா?"

பண்ணினேன். அவ தலையில கை வெச்சே பண்ணினேன்.

எனக்கு ஏன் ஆகாதுன்னா, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால எங்க வீட்டுல ஒரு நாய் இருந்துது. தடியன்னு கூப்பிடுவோம். விருந்தாளிங்க சாப்பிட்டு மிச்சம் வெச்ச எலும்பை நான்தான் தட்டோட அதுக்குப் போட்டேன். எலும்பு கூரா உடைஞ்சு குடலைக் குத்திடுச்சு. ரெண்டு நாள் என் மடியிலயே கிடந்து செத்துது. என் கடை எலும்பு, என் கையால போட்டது. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனி என் வீட்டுல ஒரு நாய்க்கும் எலும்பு கிடையாதுன்னு.

இருந்தாலும் பாப்பா தலையில கை வெச்சாச்சே. முதல் நாள் நல்ல கோழிக் கழுத்தா ஒண்ணு எடுத்து மேனேஜருக்குக் குடுத்தேன். வாங்கினாரு, கடைவாயில வெச்சாரு, கடிச்சாரு. 'மளுக்'குன்னு ஒரு சத்தம். ஓடிப்போயி வாயைப் பிளந்து அதைப் பிடுங்கி வெளிய எறிஞ்சேன். மேனேஜர் என்னை முறைச்சுப் பார்த்தாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை.

அன்னையிலேருந்து எலும்புக்குப் பதிலா அதே பதினைஞ்சு பங்கு தொடைக்கறி சேர்த்தேன். அதுவும் எப்படி? ஜவ்வு எடுத்து, நரம்பு எடுத்து, கொழுப்பைச் சீவி, காசு குடுக்கிறவனுக்குக் கூட நான் அப்படி வெட்டிக் குடுத்ததில்லை. பதினைஞ்சு பங்கு மட்டமானதை எடுத்துட்டு பதினைஞ்சு பங்கு உசத்தியானதை வெச்சிருக்கோம், தராசு சரியாத்தானே நிக்குதுன்னு என் புத்தி கணக்குப் போட்டுச்சு. ஈரல் அவருக்கு ரொம்பப் பிடிச்சுது. அதுலயும் ஒரு துண்டு கூடவே வெச்சேன்.

என் கடைக்குப் பின்பக்கம் ஒரு பெரிய வாளி இருக்கும். அன்னன்னைக்குக் கழிச்ச எலும்பெல்லாம் அதுலதான். தெருநாய்ங்க வரிசை கட்டி நிக்கும். ஒத்தைக் காது நாய் ஒண்ணு இருக்கு, அது கோழி முதுகை முறுக்கு மாதிரி நொறுக்கிட்டு மதில் சுவரைத் தாண்டிக் குதிச்சு ஓடும். தினமும் பார்த்தேன். கண்ணு முன்னாடி நடந்துது. "சனியன்களா, செத்துத் தொலையப் போறீங்க"ன்னு விரட்டிட்டு, எங்க வீட்டு மேனேஜருக்குச் சுத்தக்கறி எடுத்துக்கிட்டுப் போனேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டாண்ணு பாப்பா போன் வரும்.

"பட்டியல்படிதானே அண்ணா?"

"ஒரு கிராம் பிசகலை."

"எலும்பு?"

"அட, போடறேன்மா!"

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். நல்லதுக்குத்தானேன்னு மறைச்சேன். அப்புறம் போனை மேனேஜர் காதுல வெப்பேன். அவ குரல் கேட்டதும் வீட்டையே சுத்திச் சுத்தி ஓடுவாரு.

முதல் ஒண்ணரை மாசம் அப்படி ஒரு வளர்த்தி. முடி பளபளன்னு மின்னுச்சு. வாரா வாரம் எடை ஏறுச்சு. கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் போட்டோ காட்டினேன். "சுத்தக்கறி வீட்டு நாய்னா சும்மாவா"ன்னு அவங்க சொல்ல, நான் தலைகால் புரியாம இருந்தேன்.

முதல்ல கவனிச்சது என் பொண்டாட்டிதான்.

"ஏங்க, இவரு முன்ன மாதிரி ஓடலையே?"

"மேனேஜர்னா ஓடுவாராக்கும்? உக்காந்த இடத்துல உத்தியோகம்."

"முன்னங்கால் ரெண்டும் வளைஞ்சாப்ல தெரியுது."

"சதை போட்டிருக்காரு. உனக்குச் சதை போடலை? அந்த மாதிரி."

அதுக்கு அவ குடுத்த பதிலை இங்க எழுத முடியாது. ஆனா அவ விடலை. ஒரு வாரம் கழிச்சு, "தூக்கினா கத்தறாரு. டாக்டரம்மாகிட்ட காட்டுங்க"ன்னா. நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளினேன். போன்ல பாப்பா கூப்பிட்டப்போ மேனேஜர் சுத்தி ஓடலை. எழுந்து நின்னு வாலை மட்டும் ஆட்டினாரு. வளர்ந்துட்டாரு, பக்குவம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். அவருக்குப் பக்குவம் வந்துதோ இல்லையோ, எனக்குப் புத்தி வரலை.

ஒரு நாள் காலையில சோபாவுலேருந்து இறங்கினாரு. குதிக்கக்கூட இல்லை, இறங்கினாரு. என் முழங்கால் உயரம்கூட இருக்காது அந்த சோபா. அலறினாரு பாருங்க, தெருவுல போனவங்க எல்லாம் உள்ள எட்டிப் பார்த்தாங்க. வலது முன்னங்கால் துணி மாதிரித் தொங்குச்சு.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சப் பலகையில மாட்டினாங்க. நான் பார்த்தேன். முப்பது வருஷத்துல நான் வெட்டின எலும்புக்குக் கணக்கே கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு எந்த எலும்பு எந்த மூட்டுல போயி உக்காருதுன்னு சொல்லுவேன். அந்தப் படத்துல எனக்கு எலும்பைக் கண்டுபிடிக்க முடியலை. சதையும் சாம்பல், எலும்பும் சாம்பல். அடுப்புப் புகை படிஞ்ச கண்ணாடி மாதிரி இருந்துது.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

அப்பவும் எனக்குப் பெருமை போகலை. "பச்சைக்கறிதான் டாக்டரம்மா. நீங்க சொன்னதாத்தான் என் தங்கச்சி எழுதிக் குடுத்தா. நயம் கறி. நானே வெட்டறது."

"எலும்பு எவ்வளவு?"

"ஒரு சில்லு கூட இருக்காது. நான் உத்தரவாதம்."

அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க.

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அவங்க திட்டலை. மெதுவாச் சொன்னாங்க. வளர்ற குட்டிக்கு எலும்புக்கான சத்து தினமும் வேணும். கறியில அது இருக்கிறது இல்லை. பச்சை எலும்புல இருக்கு. வெளியேருந்து வரலைன்னா உடம்பு சும்மா இருக்காது, உள்ள இருக்கிற எலும்பையே கரைச்சு எடுத்துக்கும். இவனுக்கு ரெண்டு மாசமா அதுதான் நடந்திருக்கு.

"பச்சைக்கறி குடுத்தது தப்பில்லைங்க. பாதியை நிறுத்திட்டு மீதியைக் குடுத்தீங்க பாருங்க, அதுதான் தப்பு."

"எலும்பு குடலைக் குத்திடுமே..." தடியன் கதையைச் சொன்னேன்.

"அது வெந்த எலும்பு. வெந்தா இறுகிடும், கூரா உடையும். கோழிக் கழுத்து பச்சையா இருந்தா மெத்துன்னு இருக்கும், நொறுங்கிக் கரைஞ்சுடும். உங்க தங்கச்சி சிவப்புல எழுதித் தந்திருப்பாங்களே. எழுதச் சொன்னதே நான்தான்."

எழுதியிருந்தா. ரெண்டு கோடும் போட்டிருந்தா.

காலுக்குக் கட்டுப் போட்டாங்க. இன்னொரு படத்தை எடுத்து முதுகுல ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாங்க. அங்க முதுகெலும்புக் கண்ணி ஒண்ணு ஏற்கெனவே லேசா அமுங்கியிருந்துது.

"ஆறு வாரம். சின்னக் கூண்டு. எழுந்து திரும்பிப் படுக்கலாம், அவ்வளவுதான். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, சந்தோஷப்படக் கூடாது."

"சந்தோஷமா?"

"சந்தோஷம் வந்தா குதிப்பான். குதிச்சா முதுகு விட்டுடும். முதுகு விட்டுச்சுன்னா பின்னாடி பாதி போயிடும். அதுக்கப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லை."

"ஆறு வாரம் தாண்டிட்டா?"

"சின்ன உடம்பு. சரியா சாப்பாடு குடுத்தா திருப்பிக் கட்டிக்கும். தாண்டிட்டா ஓடுவான்."

தாண்டிட்டா ஓடுவான். வீடு வர்ற வரைக்கும் இதையே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு வந்தேன்.

"இப்பவே உங்க தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லுங்க"ன்னா என் பொண்டாட்டி.

"இப்பத்தான் கம்பை விட்டு நடக்கப் பழகறா. கேட்டா பதறி ஓடி வருவா. புது இடுப்பு பிசகிடும்."

"அதுக்காகவா சொல்லலை?"

அதுக்காக இல்லைன்னு அவளுக்கும் தெரியும். பாப்பா தலையில வெச்ச கை இது. எந்த வாயால சொல்றது? வெட்கம், வேற ஒண்ணுமில்லை. ஊருக்கெல்லாம் நீளற நாக்கு அப்போ மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுது.

அன்னையிலேருந்து ஆறு மணி போன் வந்தா, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிப்பேன். அவ குரல் கேட்டா அவரு துள்ளுவாரே. போனை எடுத்துக்கிட்டு தெருக்கோடிக்குப் போயிடுவேன்.

"மேனேஜர்கிட்ட குடுண்ணா."

"தூங்கறாரு பாப்பா."

"தினமும் ஆறு மணிக்கா தூங்கறாரு?"

"வளர்ற வயசு."

அவ சிரிப்பா. "நான் வந்து எழுப்பிக்கறேன்"ம்பா. நான் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிப்பேன்.

இப்போ ஒவ்வொரு நாளும் கோழிக் கழுத்தைக் கடை மிஷின்லயே ரெண்டு தடவை அரைச்சு, குட்டித் தராசுல நிறுத்தேன். ஒரு கிராம் கூடினாலும் திருப்பி எடுத்து நிறுத்தேன். கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மேனேஜர் கூண்டுக்குள்ள படுத்துக்கிட்டு நான் நிறுக்கறதையே பார்ப்பாரு. அதே 'உம்'மணாமூஞ்சி. கிண்ணத்தை வெச்சதும் முதல்ல என் கையை நக்குவாரு, அப்புறம்தான் சாப்பாடு. இந்தக் கைதான் உன்னை இப்படிப் பண்ணுச்சுன்னு அவருக்கு யார் சொல்றது? ஒரு நாள் தாங்க மாட்டாம கூண்டுக் கம்பியில நெத்தியை முட்டிக்கிட்டு அழுதுட்டேன். கம்பி வழியா மூக்கையும் நக்கினாரு.

கடையில ஒரு பொம்பளை வந்து, "எங்க குட்டிக்கு எலும்பில்லாம கால் கிலோ குடுங்க"ன்னாங்க. அவங்க கேட்டது அவ்வளவுதான். "எலும்பில்லாம எதுக்குங்க? கொல்லறதுக்கா?"ன்னு கத்தினேன் பாருங்க, கடையே அடங்கிப் போச்சு. அவங்க பயந்து போயிட்டாங்க. அப்புறம் நானே ஓடிப்போயி, தெருவுல நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, ஒரு பை கோழிக் கழுத்தைக் கையில திணிச்சேன். சுத்தக்கறிக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு பேசிக்கிட்டாங்களாம். பிடிச்சிருந்தா நிம்மதியாவாவது இருந்திருக்கும்.

நாலாவது வாரம் மறுபடி படம் எடுத்தாங்க. சாம்பலுக்கு நடுவுல ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுது. நூல் கனம்தான். "கட்டிக்க ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் ரெண்டே வாரம் பத்திரமாப் பார்த்துக்கங்க"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கால் கட்டும் நல்லாத்தான் இருக்குன்னாங்க. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட அந்தக் கோட்டைப் பத்தி நாலு தடவை சொன்னேன். அவளும் நாலு தடவையும் கேட்டுக்கிட்டா.

பாப்பா ஞாயித்துக்கிழமை வர்றதா இருந்துது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுல நானே போயி, நேர்ல உக்கார வெச்சு, எல்லாத்தையும் சொல்லிடறதுன்னு முடிவு பண்ணினேன். கால்ல விழணும்னா விழுந்துடறது. அப்புறம் ரெண்டு பேருமா வந்து, சத்தம் போடாம, கதவைத் தட்டாம, உள்ள வரணும். அவ கூண்டுப் பக்கத்துல மெல்ல வந்து உக்காரணும். இதையெல்லாம் மனசுக்குள்ள ஒத்திகை கூடப் பார்த்து வெச்சிருந்தேன். பஸ்ஸுக்கு எடுத்து வெச்ச பையில அவளோட காகிதத்தையும் மடிச்சு வெச்சேன்.

வெள்ளிக்கிழமை மதியம். கடையைச் சாத்திட்டுச் சாப்பிட வந்திருந்தேன். பொண்டாட்டி மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தா. கூண்டுத் துணியை மாத்தணும்னு மேனேஜரை வெளிய எடுத்து, தரையில விரிச்ச பாயில படுக்க வெச்சு, ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலயும் ஒரு கையை முதுகு மேலயும் வெச்சிருந்தேன். தினமும் அப்படித்தான் செய்வேன். அவரும் அசைய மாட்டாரு.

கதவுல ரெண்டு தட்டு.

"மேனேஜர் சார், ஆபீஸ் திறந்தாச்சு!"

"பாப்பா, வேண்டாம்!"னு கத்தினேன். "கூப்பிடாத! கூப்பிடாத பாப்பா!"

அவளுக்கு அது விளையாட்டா இருந்துது. வெளிய அவ சிரிக்கறது கேட்டுச்சு. ரெண்டு நாள் முன்னாடியே வந்து எங்களை அசத்தணும்னு வந்திருக்கா. இன்னொரு தடவை, இன்னும் சத்தமா, "ஆபீஸ் திறந்தாச்சு சார்!"ன்னா.

என் கைக்கு அடியில அவர் உடம்பு முழுசும் நடுங்குச்சு. மூணு மாசமா அடக்கி வெச்சது மொத்தமா வந்துது. எழுந்தாரு. நான் அமுக்கினேன். அமுக்கின விரலுக்கு அடியில விலா எலும்பு குச்சி மாதிரி வளையறது தெரிஞ்சுது. எந்த எலும்பு எவ்வளவு அமுக்கினா ஒடியும்னு முப்பது வருஷமாத் தெரிஞ்ச கை இது. இன்னும் ஒரு பிடி பிடிச்சா என் கையிலயே ஒடியும். விட்டா அவரே ஒடிஞ்சுடுவாரு. கடவுளே, என்ன பண்ணுவேன்? என்னைக் கேக்காமலே கை தளர்ந்துடுச்சு.

குதிச்சாரு.

'மளுக்'குன்னு ஒரு சத்தம். கோழிக் கழுத்துச் சத்தம்தான். பெருசாக்கூட இல்லை.

தாழ்ப்பாள் போடாத கதவு திறந்துது. பாப்பா நின்னா. கையில கம்பு இல்லை. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிக்கிட்டே நாலு எட்டு வெச்சு உள்ள வந்தா. நேரா, நொண்டாம, சின்ன வயசுல நடந்த மாதிரியே நடந்து வந்தா.

"அண்ணா, பாரு! கம்பே இல்லை!"

மேனேஜர் அவளைப் பார்த்துட்டாரு. முன்னங்கால் ரெண்டையும், அதுலயும் ஒண்ணு கட்டுப் போட்டது, ஊணி ஊணி இழுத்துக்கிட்டு அவகிட்ட போனாரு. பின்னாடி பாதி கூடவே தரையில வந்துது. முகம் அவ மேலயே இருந்துது. வால் ஆடலை.

"என்ன சார், இவ்வளவு பெரிய ஆளாகியும் தவழ்ந்து வர்றீங்க?"ன்னு சிரிச்சா. ரெண்டாவது எட்டுல சிரிப்பு நின்னுடுச்சு. கட்டைப் பார்த்தா. பின்னங்காலைப் பார்த்தா. தரையில உக்காரவே கூடாதுன்னு டாக்டருங்க சொல்லி அனுப்பின இடுப்பு. அப்படியே தரையில உக்காந்துட்டா. அவரு அவ மடியில தலையை வெச்சு அவ உள்ளங்கையை நக்க ஆரம்பிச்சாரு. அவருக்கு இன்னும் வலி தெரியலை போலிருக்கு. சந்தோஷமாத்தான் இருந்தாரு.

என் பொண்டாட்டி துணியோட படியில வந்து நின்னா. பாப்பா அவரோட முதுகை மெதுவாத் தடவிக்கிட்டே வந்தா. ஒரு இடத்துல அவ கை நின்னுது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா.

"அண்ணா, என்ன குடுத்தே இவருக்கு?"

பையில அவ காகிதம் இருந்துது. சொல்லணும்னு ஒத்திகை பார்த்ததெல்லாம் நெஞ்சுல இருந்துது. பாயில உக்காந்தபடியே ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டுச் சொன்னேன்.

"நல்ல கறிதான் பாப்பா குடுத்தேன். இருக்கறதுலயே நல்லது."